கார்குழலி தோண்டாமல் விட்ட பாதி

எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரி கார்குழலியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை. காலையில் டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அரியாங்குப்பம் பாலம் தாண்டி வந்து, வெயிலென்றும் பார்க்காமல் கொல்லையில் இறங்கிவிடுவாள்.

அவள் கொல்லைக்கு அந்தப்புறம் கடல். இந்தப்புறம் எங்கள் மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். வைகாசியில் கடல்காற்று கிளம்பினால் மணல் பறந்து வந்து இளஞ்செடியை மூடிவிடும். நடுவில் அவள் வைத்திருக்கும் வெட்டிவேர்ப் புதர்கள்தான் அந்த மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் பாருங்கள், வெட்டிவேருக்கு விலையே வேரில்தான். தோண்டினால் அவளுக்குச் சோறு, எங்கள் வாயில் மண். அதனால் எப்போதும் பாதியைத் தோண்டி, அந்த இடத்தில் உடனே தூரைப் பிரித்து ஊன்றி, அது வேர் பிடித்த பிறகுதான் மீதியில் கை வைப்பாள்.

போன வருஷம் அவள் புருஷன் தவறிப்போனான். கட்டிக்கொண்டிருந்த வீடு வெறும் சுவரோடு நின்றது. மழைக்கு முன்னால் தளம் போட வேண்டுமென்றால் மொத்த வேரையும் ஒரேயடியாக விற்றாக வேண்டும். வியாபாரி லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஆதிமூலத்துக்கு விஷயம் தெரிந்தது. நேராக அவளிடம் போய், முட்டி வலி, இந்த வருஷம் மல்லாட்டை போடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் சொல்லக்கூடச் சாமர்த்தியம் வேண்டாமா? உடைத்த விதை எங்கள் கூடத்தில் முறம் முறமாகக் கிடந்தது. விதைக்காதவன் எதற்கு உடைப்பான்?

மறுநாள் வீட்டுக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். முறத்திலிருந்து ஒரு பிடி விதையை அள்ளிப் பார்த்தாள்.

"எனக்காவவாக்கா?" என்றாள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, வேலையைப் பார் என்று அதட்டினேன்.

லாரி வந்தது. வழக்கம்போலப் பாதியைத்தான் தோண்டிக் கொடுத்தாள். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு வந்ததே கோபம், கொல்லைக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? பொட்டப் புள்ளைய வெச்சிக்கினு மழைக்கு எங்க படுப்ப?"

அவள் தூரை ஊன்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "ஒங்க வீட்லதான்க்கா."

இடம் கேட்கவில்லை, சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது தாயும் மகளும் எங்கள் கூடத்தில்தான் படுத்தார்கள். அந்த வாண்டு கவிநிலா தூக்கத்தில் என் மேல் காலைத் தூக்கிப் போடும். நகர்த்த எனக்கு மனசே வராது.