படை ஆற்றைத் தாண்டாத நாட்கள்

12-2-1953: முதல் பாகம். ரூ. 2-8-0
3-3-1954: இரண்டாம் பாகம். ரூ. 2-8-0
21-1-1955: மூன்றாம் பாகம். ரூ. 3-0-0
9-5-1959: நான்காம் பாகம். ரூ. 5.50
30-4-1963: ஐந்தாம் பாகம். ரூ. 4.00
2-1-1965: ஆறாம் பாகத்துக்கு முன்பணம். ரூ. 1.00

நாயுடுபுரம் சுந்தராம்பாளுக்கு இவை பிறந்தவீட்டுத் தேதிகள். மந்திரவாதியிடம் நிழலைப் பறிகொடுத்த ஓர் இளவரசியின் கதை அது. நிழலை மீட்க ஏழு கோட்டைகளைப் பிடிக்கப் படை கிளம்பும். மதுரையில் அச்சாகி, பாகம் பாகமாகத் தபாலில் வரும். வந்ததும் அவள் பிறந்த ஊரான மன்னவனூருக்குப் போவாள். எழுத்துக்கூட்டத் தெரியாத அக்கா சண்முகவள்ளிக்கு வாசித்துக் காட்டுவாள். அக்கா இல்லாமல் ஒரு பக்கம்கூடப் புரட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கணவர் சுவாமிநாதன் டீக்கடை வைத்திருந்தார். கடை இட்லி அவள் கையில் இருந்தது. சும்மா ஊருக்குப் போகிறேன் என்றால், "மாவை உங்கக்கா வந்து ஆட்டுவாளா?" என்பார். புத்தகம் வந்தால் மட்டும் மறுப்பதில்லை. "கதை முடியுற அன்னைக்குக் கெளம்பிரணும்." இதுதான் பேச்சு.

முதல் மூன்று பாகங்களும் ஒரே குதிரை ஓட்டம். நாலைந்து நாளில் முடிந்துபோயின. அப்புறம் நாலு வருஷம் எதுவும் வரவில்லை.

நாலாம் பாகம் செங்கல் கனம் இருந்தது. பூம்பாறை வரை லாரியிலும் அதற்கப்புறம் நடந்தும் அதைச் சுமந்து போனாள். கதையில் படை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக்கொண்டு கிடந்தது. வெள்ளம் வடியவில்லை. குதிரைக்குக் கொள்ளு போதாது என்றார் தளபதி. உப்பு இல்லை என்றான் சமையல்காரன். நூறு பக்கம் போயும் இதே பாடு. பூண்டு கட்டிக்கொண்டே கதை கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"ஆத்தைத் தாண்டுனா சொல்லிவிடு தாயி, வாரேன். எனக்கு வேற சோலி கெடக்கு," என்று எழுந்து போனாள் பக்கத்து வீட்டு இருளாயி.

அக்கா மட்டும் நகரவில்லை. "அவ கெடக்கா. வெள்ளம் மெதுவா வடியட்டும்டி. வெரசா வாசிக்காத," என்றாள்.

அந்த முறை பதினெட்டு நாள் இருந்தாள்.

ஐந்தாம் பாகத்தில் முதல் பக்கத்திலேயே படை ஆற்றைத் தாண்டிவிட்டது. மளமளவென்று ஆறு கோட்டைகள் விழுந்தன. இரண்டாம் நாளே ஏழாவது கோட்டை வாசலில் கதை நின்றது. சுந்தராம்பாள் துணிகளை மடித்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த மனுசனுக்கு அப்படி என்ன அவசரமாம்?" என்று எழுதினவரை வைதாள்.

ஆறாவதுதான் கடைசி. அது வராவிட்டால் அக்காவைப் பார்க்க முடியாது. வந்து முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு எதைச் சொல்லிப் போவது? தபால்காரர் தலை தெரியும்போதெல்லாம் வாசலுக்குக் கிளம்பிப் பாதியில் நின்றுவிடுவாள்.

வந்தது புத்தகமல்ல, கடிதம். சுவாமிநாதன்தான் பிரித்து வாசித்தார். எழுதுகிறவர் கதையைக் கைவிட்டுவிட்டார், ஆறாம் பாகம் வெளிவராது, முன்பணம் மணியார்டரில் வரும்.

சுந்தராம்பாள் மாவு ஆட்டுவதை நிறுத்தவில்லை. குழவியைப் பார்த்தபடியே, "ஏங்க, அப்ப அக்காவை..." என்றாள்.

அவர் பாய்லருக்குக் கரி போட்டார். இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். பிறகு திரும்பினார்.

"ஆத்தங்கரையிலேயே கெடந்துச்சே ஒரு படை, அது எத்தனாவது பாகம்?"

"நாலாவது."

"அதை எடுத்துக்கிட்டு வெள்ளனே கெளம்பு. ஆத்தைத் தாண்டுன அன்னைக்கு வந்துரணும், ஆமா."

அந்தப் பாகம் முடியும்வரை படை ஆற்றைத் தாண்டுவதே இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் வந்த நாள் 14-9-1966, புதன்கிழமை.