இரண்டு கோடுகளும் ஒரு போஸ்ட்டும்

தம்பானூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மறையத் தண்ணீர் ஏறி, நான் ஸ்ரீகாரியம்வரை நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது இது. அந்த நடையில் தொலைத்தது நல்ல குடை. போகட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. போனக்காட்டுத் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து, நாற்பது வருஷம் போஸ்ட் ஏறி கேபிள் கட்டினேன். மகளுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுகொடுக்கும் கூட்டத்திலும் அவள் உண்டு. எந்தச் சிலிண்டர் யார் வீட்டில் இருக்கிறது என்ற லிஸ்ட், எங்கள் முன்னறையில் அவள் வைத்த கம்ப்யூட்டர் பெட்டியில்தான். நோயாளிகளின் விலாசத்தை ஊரான் கம்ப்யூட்டரில் வைக்க அவளுக்கு மனசில்லை.

பெட்டிக்கு மேலே சுவரில் படம் வரைந்து ஒட்டியிருந்தாள். இன்டர்நெட்டுக்கு இரண்டு கோடு: ஒன்று முன்ரோட்டிலிருந்து, ஒன்று பின்சந்திலிருந்து. போனிலிருந்து புள்ளிபுள்ளியாய் மூன்றாவது ஒன்று.

அன்று மத்தியானம் காற்றில் ஆஞ்ஞிலி மரம் சாய்ந்து முன்ரோட்டுப் போஸ்ட்டை வீழ்த்தியது. கரண்டு போனது, நெட்டும் போனது. பெட்டி பேட்டரியில் ஓடியது, ஆனால் வெளியிலிருந்து யாராலும் லிஸ்ட்டைப் பார்க்க முடியவில்லை. மகள் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். ஒரு அம்மாவுக்கு ஆக்ஸிஜன் ஐந்து மணிவரைதான் இருக்கும், அடுத்த சிலிண்டர் எங்கே என்று பார்க்க வேண்டும், ரோட்டில் தண்ணீர், அவளால் வர முடியாது.

"ரண்டு லைனும் ஒண்ணாவே எப்படிப்பா போச்சு? பின்னால வர்றது வேற வழியல்லே?"

எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

"அதை விடு மோளே. இப்ப நான் என்ன செய்யணும்?"

"படத்துல புள்ளிக்கோடு உண்டுல்ல? அது எந்தப் பெட்டியில போய் முட்டுதுன்னு பாருங்க. அலமாரியில என் பழைய போன் இருக்கு. அதைச் சார்ஜ் வயரால அந்தப் பெட்டியில குத்துங்க. நெட் ஆன்ல தான் இருக்கு."

எனக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும். புள்ளிக்கோடு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கேபிள் வந்து சேரும் நீலப் பெட்டியில் முடிந்தது. வயர் இரண்டு தடவை ஓட்டையில் ஏறவில்லை. ஏறிய பிறகும் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. விளக்கு பச்சையாகும்வரை நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

நாலரைக்கு மறுபடி கூப்பிட்டாள். சிலிண்டர் அந்த அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்ததாம். கொண்டுபோய் மாட்டியாச்சாம்.

அப்போதுதான் சொன்னேன். பின்சந்து கேபிள் தொய்ந்து தொங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் போட்டவர்கள் போனபின் ஏணி வைத்து ஏறி, முன்ரோட்டுப் போஸ்ட்டுக்கு இழுத்து, அங்கே வரும் முதல் லைனோடு சேர்த்துக் கட்டினேன். நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். சேர்த்துக் கட்டினால் அறாது, பார்வைக்கும் வெடிப்பாய், நேர்த்தியாய் இருக்கும்.



"கோடு ரண்டையும் தள்ளித்தள்ளி எதுக்கு வரைஞ்சேன்னு ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்லப்பா."

மறுநாள் அவள் ஏணியைப் பிடிக்க, நானே இரண்டாவது கேபிளைப் பிரித்துப் பின்சந்து வழி மாற்றினேன்.

உங்கள் தெருவில் கேபிள் கட்ட யாராவது வந்தால் இதைச் சொல்லுங்கள். இரண்டாவது லைன் தொய்ந்து தொங்கினாலும் தொங்கட்டும், முதல் லைனோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.