மாதாவின் சாமான் அறை

எங்கள் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு இடம் கிடந்தது. மாநகராட்சி பாஸ் செய்த பிளான்படி அது காலியாகத்தான் கிடக்க வேண்டும். அப்பா அதை மறித்து, மேலே ஷீட் போட்டு, ஓர் அறையாக்கினார். எல்லாம் அத்தைக்காக.

அத்தை அப்பாவின் தங்கை. ஆலந்தலையில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு நாள் காலையில் ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள், நம்பினேன். "இனி அவன் வீட்டுக்கு இவள அனுப்ப மாட்டேன்" என்று அப்பா குதித்தார். பெரியவர்கள் சண்டை, நாலு நாளில் சரியாகிவிடும் என்பது நாலாம் வகுப்பு படித்த என் கணக்கு. எங்களுக்கோ இருந்தது ஒரே அறையும் அடுப்படியும்தான்.

சிமெண்ட் ஈரம் காயவில்லை, அதற்குள் எந்தப் புண்ணியவானோ புகார் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை இன்ஜினியர் பார்க்க வருகிறார் என்று நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அத்தை கழுவிய பாத்திரத்தையே கழுவினாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும், அந்த வழியால் இன்னொரு சிக்கலும் வரும். லோடு ஆட்டோவில் ஒரு மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அறைக்கு முன்னால் ஒரே நாளில் குகை மாதிரி ஒரு கெபி கட்டி, நீலப் பெயிண்ட் அடித்து, மாதாவை ஏற்றி வைத்தார்.

"மாதாவையே பொய்சாட்சி சொல்ல வைக்கியாலே?" என்றார் அப்பா.

"சாட்சி எங்க சொல்லுதா, சும்மாதான நிக்கா" என்றார் மாமா.

திங்கட்கிழமை தெருவையே கூட்டி வந்து செபமாலை சொல்ல வைத்தார். முன்சொல்லுவது நான். முழங்கால் வலி உயிர் போயிற்று. இந்த மனுசன் வந்து தொலைத்தால் என்ன என்று மாலையின் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் வாசலைப் பார்த்தேன். கடைசியில் இன்ஜினியர் வந்தார். கெபியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பின்னால அது என்ன ரூம்?"

மாமா இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. "மாதாவுக்குச் சாமான் வைக்கிற ரூம், சார்" என்றார் தெருவே கேட்க.

"ஆள் தங்குதாங்களா?"

"மாதா ரூம்ல ஆரு சார் தங்குவா?"

இன்ஜினியர் அளக்கக் கொண்டுவந்த டேப்பைச் சுருட்டினார். "இப்போதைக்கு விடுதேன். ஆள் தங்குதுன்னு கேள்விப்பட்டேன்னா ஷீட்டப் பிரிச்சிருவோம்."

அறை தப்பித்தது. ஆனால் தெருக்காரர்கள் மாமாவின் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலமே பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், சீரியல் லைட், கொடிக்கம்பம் என்று ஒவ்வொன்றாக வந்து அறையில் ஏறின. வேண்டாம் என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது? கட்டில் போட நினைத்த இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்துவிட்டது.

அத்தை எங்களோடேயே படுத்தாள், எனக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில். எனக்குக் கொண்டாட்டம். என் தலையைக் கோதியபடி கதை சொல்வாள். அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் குரலை அடக்கிச் சண்டை போட்டார்கள். "இப்படியே எத்தன நாளைக்கு?" என்று அம்மா கேட்டது எனக்கே கேட்டது. தலையில் ஓடிய கை நின்றது. கதையைப் பாதியில் விட்டுவிட்டாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

சில நாள் கழித்து அத்தை பையைக் கட்டினாள். அப்பா பைக்கில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அத்தை கெபிக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தி முழங்காலிட்டாள், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ஸ்கூல் வேன் வந்துவிடுமே என்று நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தவித்தேன். எனக்கு லீவு முடிவது மாதிரி அவளுக்கும் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

வண்டி நகரும்போது, வீட்டில் சொல்லிக்கொடுத்த மரியாதை ஞாபகம் வந்து கத்தினேன்: "அத்தை, ஆலந்தலை மாமாவக் கேட்டதாச் சொல்லுங்க."

அத்தை திரும்பிப் பார்த்தாள். "சொல்லுதேன்ளா" என்றாள்.