மிச்ச பெயிண்ட்

எங்கள் அண்ணியை ஊரில் எல்லோரும் 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மிச்சம் டீக்கடைப் பக்கம் நிக்குது", "மிச்சத்தைக் கொஞ்சம் வரச் சொல்லு" என்பதையெல்லாம் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள். அண்ணி என்று கூப்பிடுவது நான் ஒருத்திதான். என்னைவிடச் சின்னவள், பள்ளிக்கூடத்தில் என் பின்பெஞ்சு. அண்ணனைக் கட்டிக்கொண்டதால் மரியாதை கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

கரையில் ஏற்றிப் போட்டிருக்கும் போட்டுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது அவள் வேலை. டப்பாவைத் திறந்துவிட்டால் பெயிண்ட் யாருக்காகவும் காத்திருக்காது, மறுநாளே ஆடை கட்டிக்கொள்ளும். அடியில் கிடப்பதைக் கொட்டிவிடு என்பார்கள் போட்டுக்காரர்கள். கொட்ட அவளுக்கு மனசு வராது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் கண்ணில் பட்ட எதிலாவது அந்த மிச்சத்தால் ஒரு படம் போட்டுவிட்டுத்தான் வருவாள்.

இப்படித்தான் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பழுப்புப் பூனை வந்து படுத்தது. கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் அதன் மேல் யாரும் உட்காருவதில்லை. மீன் மார்க்கெட் படிகள் ஒவ்வொன்றும் ஒரு நிறமானதும், "பச்சைப் படியில இருக்கேன், வந்து வாங்கிக்கோ" என்று மீன்காரிகள் போனில் விலாசம் சொல்ல ஆரம்பித்தார்கள். என் அண்ணனும் ஒரு வகையில் அவள் பெயிண்டில் மாட்டியவன்தான். காய்வதற்குள் ஒரு பலகையில் உட்கார்ந்து, கால்சட்டையில் மஞ்சள் பட்டையோடு சண்டைக்குப் போனவன், திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

இதெல்லாம் சின்னச் சின்ன இடங்கள். அவள் கண் எப்போதும் ஐஸ் கம்பெனிச் சுவர் மேல்தான். கடலைப் பார்த்த சுவர். இரண்டு மாடி உயரம், வெள்ளையடித்து, ஒரு ஜன்னல்கூட இல்லாமல் நின்றது. கம்பெனி முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"சுவரு அதுபாட்டுக்கு நிக்கட்டுமேம்மா. அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்பார் அவர்.

அவர் வாசலில் ஒரு தெருக்குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். சேற்றில் அவர் ஐஸ் வண்டிகள் மாட்டிக்கொள்ளும். எத்தனையோ புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. அண்ணி ஒரு சாயங்காலம் குழாய்த் தூணில் கண்ணும் புருவமும் மீசையும் வரைந்தாள், குழாய் மூக்காகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று போட்டோ எடுத்து, "பாவம், ஜலதோஷம்" என்று ஊரெல்லாம் அனுப்ப, அந்த வாரமே ஆள் வந்து குழாயை மாற்றினார்கள். முதலாளி தானாக வந்து சொன்னார்: "சுவரை எடுத்துக்கோ."

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் அவள் கிடைக்கவில்லை. மிச்ச நீலங்களையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, தரையிலிருந்து உச்சி வரை சுவர் முழுக்கக் கடலாக அடித்தாள். மீன்கள், நண்டு, ஒரு ஆக்டோபஸ். அண்ணன்தான் ஏணியைப் பிடித்தான். கரைக்கு வருகிற போட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் நின்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இந்த மீனுக்கு இவ்வளவு சின்ன வாலா? எப்படி நீந்தும்?"

"எங்க போட்டையும் போடு மிச்சம். முன்னாடி போடணும், ஆமா."

இத்தனை பேர் வாய் திறந்தார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தால்தானே?

எங்கள் துறைமுக வாயில் இரண்டு பக்கமும் மணல்திட்டு. நடுவில்தான் ஆழம். திரும்பி வருகிற போட்டுகள் ஐஸ் கம்பெனியின் வெள்ளைச் சுவரைத் தேடும். அதற்குப் பின்னால் மேட்டில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தொட்டி சுவரின் நடுவுக்கு நேராக வந்து உட்கார்ந்ததும் உள்ளே விடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாப்பிடும்போது கை வாயைத் தேடிப் போவதுபோல, கண் அங்கே போய்விடும். கடலில் இருக்கும்போது சுவரைப் பார்த்தவர்கள், கரைக்கு வந்ததும் அதை மறந்துவிடுவார்கள்.

வெயில் நாட்களில் வேறு அடையாளங்கள் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மேகம் மூடிய ஒரு மத்தியானம் கரை முழுவதும் சாம்பலாகக் கிடக்க, மீன்பிடித்துத் தன் போட்டில் திரும்பிய அண்ணன் வெள்ளையைத் தேடியிருக்கிறான். நீலச் சுவர் எங்கேயோ தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து கிடந்தது. போட்டு நேராகத் திட்டில் ஏறிவிட்டது. சுக்கான் உடைந்தது, அண்ணன் முகவாய் கிழிந்தது. பின்னால் வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

தையல் போட்டுக்கொண்டு வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அண்ணி. "கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"சுவத்தை யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"நீங்கதானே ஏணியப் புடிச்சீங்க? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஏணியப் புடிக்கிறவனுக்குச் சுவரா தெரியும்? உன் காலுதான் தெரிஞ்சுது."

சிரிக்கப் போனவன் தையல் இழுத்து, தாடையைப் பிடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் போட்டுக்காரர்கள் சங்கத்தில் கூடினார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "படம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் சங்கத் தலைவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. "என் பேரப்புள்ளைங்களுக்கு அந்த ஆக்டோபஸுன்னா உசுரு. ஆனா மழைக்காலம் வருது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சுண்ணாம்பு அடிச்சுடறோம்."

 

அன்று வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிரஷ்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள் அண்ணி. வெகுநேரம் கழுவினாள். பிறகு ஈரக் கையோடு வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க எங்கேருந்து பாக்கறீங்களோ அங்கேருந்து நான் அதைப் பாக்கணும்."

இந்தக் கரையில் உள்ள அத்தனை போட்டுகளின் அடிவயிறும் அவளுக்கு அத்துப்படி. ஒன்றில்கூட ஏறிக் கடலுக்குப் போனதில்லை. அண்ணன் போட்டுக்குச் சுக்கான் இல்லாததால் தலைவர் தன் போட்டைக் கொடுத்தார். அவள் தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அது நல்லதாயிற்று. கரை கொஞ்சம் விலகியதுமே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

துறைமுக வாய்க்கு வெளியே அண்ணன் இன்ஜினைக் குறைத்தான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

மீன்கள் எதுவும் இல்லை. தலைவர் பேரன்கள் உயிரை விடும் ஆக்டோபஸ், யாரோ கையைத் துடைத்த அழுக்குபோல இருந்தது. பின்னால் மேட்டின் மேல் தண்ணீர்த் தொட்டி மட்டும் உருண்டையாக, பளிச்சென்று நின்றது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான் அண்ணி, வாங்க திரும்பலாம்" என்றேன். அவளைவிட எனக்குத்தான் அழுகை வந்தது.

"இருடி. ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் விடுங்க."

போட்டு நகர, தொட்டி சுவரின் மேல்விளிம்பில் உருண்டுகொண்டே போயிற்று. இந்தப் பக்கம் விடச் சொன்னாள். திரும்பி வந்தது. மறுபடி அந்தப் பக்கம். தொட்டி சுவருக்கு நட்டநடுவில் வந்தபோது, "நிறுத்துங்க!" என்று கத்தினாள். கத்திவிட்டு இன்னொரு முறை வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

கரையில் இறங்கியதும் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். "பெயிண்ட் மேல சுண்ணாம்பு நிக்காதுண்ணே, உரிஞ்சு விழும். வெள்ளை பெயிண்டா வாங்கிக் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே அடிச்சுத் தரேன்."

அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துத் தலைவர் நிம்மதியாக வாங்கிக் கொடுத்தார். யாரும் திறக்காத புது டப்பாவை அவள் தனக்கென்று திறந்தது அதுதான் முதல் தடவை. மூடியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவை ஏணியை நான் பிடித்தேன். அண்ணனைக் கிட்டவே விடவில்லை.

சுவரின் நடுவில் தரையிலிருந்து விளிம்பு வரை, பனியனும் வேட்டியுமாக ஒரு வெள்ளை ஆள் எழும்பினான். அகலமான ஆள், முகம்கூட வெள்ளை. தலை சுவரின் விளிம்பைத் தொட்டது, இரண்டு கையும் மேலே தூக்கியிருந்தன. கிட்டே நின்று பார்த்தால் ஒரு வெள்ளை முழங்கால்தான் தெரியும். தள்ளி நின்று பார்த்தவர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "சுவத்தை வெள்ளையாக்கச் சொன்னா ஆளை நிறுத்தி வெச்சிருக்கியே!" என்று தலைவர் தலையில் கை வைத்தார்.

"ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய்ட்டு வாங்கண்ணே. அப்புறமும் வேண்டாம்னா நானே அழிச்சுடறேன்."

திங்கட்கிழமை நல்ல மூட்டம். அண்ணனும் புதுச் சுக்கானோடு கிளம்பிவிட்டான். அண்ணி காலையிலிருந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று. போட்டுகள் தெரிய ஆரம்பித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, வரைந்த கோட்டின் மேல் வருவதுபோல, எல்லாப் போட்டுகளும் துறைமுக வாயின் நடுவாக உள்ளே வந்தன.

முதலில் குதித்தவர் தலைவர். "யம்மா! ஆளு தலையில குடம் வெச்சிருக்கியே! தண்ணித் தொட்டி குண்டுக் குடமா உக்காந்திருக்கு! கொஞ்சம் வெலகினா குடம் சரிஞ்சுடுது, நேரா வந்தா தலைக்கு வந்துடுது. அடி ஆத்தாடி!"

"அது யாருன்னு கேளுங்க தலைவரே," என்றான் பின்னால் வந்த அண்ணன். "அந்தத் தொப்பை என்னோடது. வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கினதில்லைன்னு ஊரு பூரா சொல்லணுமா?"

"ஊருக்கு எங்க சொன்னேன்? கடலுக்குத்தானே சொன்னேன்," என்றாள் அண்ணி.

உண்மைதான். கரையிலிருந்து பார்த்தால் சுவர் தொட்டியை மறைத்துவிடும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒருத்தன் நிற்பான், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் யார் இது என்று கேட்டால், "பொண்டாட்டிகிட்ட சரண்டர் ஆயிட்டாரு" என்கிறார் டீக்கடைக்காரர். ஆக்டோபஸை அவள் அழிக்கவில்லை, ஓரமாக விட்டுவிட்டாள்.

வரைந்தவள் மட்டும் அந்தப் படத்தைக் குடத்தோடு இன்னும் பார்க்கவில்லை. வா, ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டான். "வாந்தி எடுக்கறதுக்கு நான் வரலை" என்பாள். ஆனால் அவன் கடலிலிருந்து வந்து கால் கழுவும்போது, அடுப்படியிலிருந்து தினமும் கேட்பாள்.

"குடம் நேரா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்பான். "கழுத்துதான் வலிக்குது."