அண்ணனின் மூக்கும் எங்கள் பூண்டுக் கிட்டங்கியும்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு மலையிறங்கியும் வெயிலில் அலைந்தும் வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் பணிவான வணக்கம்.

நினைவு மலர் என்றால் உருகி உருகி எழுத வேண்டும் என்பார்கள். மதினி என்னிடம் இந்த வேலையைத் தந்தபோது, "உள்ளது உள்ளபடி எழுதுங்க தம்பி" என்று மட்டும்தான் சொன்னார்கள். உள்ளதை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அழுகை அல்ல, பொறாமை. அண்ணனுக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். அந்த ஐந்து ஆண்டுகள்தான் அவர் என் பொறாமை இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்த காலம். அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் அது என்னிடம் குறைந்தபாடில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைய சடங்குகள் முடிந்ததும் ஒட்டன்சத்திரத்தில் உள்ள எங்கள் சரக்குக் கிட்டங்கியின் சாவியை என்னிடம் கொடுக்க வேண்டும் என்று கொடைக்கானல் மேல்மலை விவசாயிகள் மதினியிடம் கேட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்த நாள் முதல் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு சாவிக்குத்தான். அதை என் கையில் வைப்பதற்கு முன் அவர்கள் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மலை மேல் உள்ள ஆடலூரில். அப்பா அங்கே காப்பி, மிளகு எடை போடும் வேலையில் இருந்தார். ஆறு வயதில் அண்ணன் ஒரு காப்பி மூட்டையை மோந்து பார்த்து, "இது மெளகு மூட்டைக்குப் பக்கத்துல கெடந்துருக்கு" என்று சொன்னாராம். எடைக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்தார்களாம். நான் அப்போது கைக்குழந்தை. ஆனாலும் இந்தக் கதையை வாரம் ஒருமுறை கேட்டே வளர்ந்தேன். நான் ஆறு வயதில் என்ன செய்தேன் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

பிறகு அப்பா கீழே இறங்கி ஒட்டன்சத்திரத்தில் சொந்தமாகக் கிட்டங்கி கட்டினார். மலையிலிருந்து வரும் உருளைக்கிழங்கும் பூண்டும் நல்ல விலை வரும்வரை அங்கே இருக்கும். அந்த ஊர் வெயிலில், மின்சாரம் ஒரு சொட்டும் இல்லாமல் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். மண் சுவர் ஒன்றரை முழம் கனம். ஓட்டுக்குக் கீழே மூங்கில் தட்டி, இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். விடியும்போது கீழ்ச் சன்னல்களையும் கூரை உச்சியில் உள்ள பலகை மூடியையும் திறந்துவிடுவோம். குளிர்ந்த காற்று கீழே நுழையும், இரவு முழுக்க அடைந்த புழுக்கம் மேலே ஏறி வெளியேறும். எட்டு மணிக்கு எல்லாவற்றையும் இறுக மூடிவிட வேண்டும். உருளைக்கிழங்குப் பக்கத்துச் சன்னல்களில் ஈரச் சாக்குப் படுதா தொங்கும். பூண்டுக்கு ஈரம் ஆகாது. அதனால் நடுச்சுவருக்கு அந்தப் புறம் பூண்டுக் கட்டுகளுக்கு இடையே சுட்ட சுண்ணாம்புக் கல் போட்ட மண்சட்டிகள் இருக்கும். காற்றின் ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். விட்டத்தில் தொங்கும் கரிக் கூடைகள் கெட்ட வாடையை இழுத்துக்கொள்ளும்.

எந்தச் சட்டியை மாற்றுவது, எந்த மூலையில் மூடியைக் கூடுதலாகத் திறப்பது என்பதை எல்லாம் காலையில் கதவைத் திறந்ததும் வரும் முதல் காற்று சொல்லிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. அடைந்து கிடந்த காற்று வெளிக்காற்றோடு கலந்துவிட்டால் பிறகு ஒன்றும் தெரியாது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒருவர்தான் வாசலில் நிற்க முடியும். அவர் காப்பி குடித்திருக்கக் கூடாது, வெற்றிலை போட்டிருக்கக் கூடாது, முகத்துக்குப் பவுடர் பூசியிருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் இழுப்பார். "தெக்கு மூலையில ரெண்டாவது அடுக்கு, சட்டிய மாத்துங்கப்பா" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

நானும் நின்றிருக்கிறேன். எனக்கு வந்ததெல்லாம் பூண்டு வாடை. பூண்டுக் கிட்டங்கியில் பூண்டு வாடை வருவதைச் சொல்ல மூக்கு எதற்கு? அதனால் முதல் நாள் சாயங்காலமே உள்ளே போய்ச் சட்டிகளில் கையை விட்டுப் பார்த்துவிடுவேன். கல் கல்லாக இருந்தால் சரி, மாவாகிப் போயிருந்தால் அதன் வேலை முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் காலை கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அதையே ஒப்பிப்பேன். நாலு நாள் சரியாகச் சொன்னேன். ஐந்தாம் நாள் அப்பா என்னைச் சட்டியும் கையுமாகப் பிடித்துவிட்டார். "இந்தப் பய கையால மோக்குறான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே சாவி அண்ணன் இடுப்புக்குப் போனது. அவருக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து.

அண்ணன் பட்ட கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அம்மா தவறினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, அடுப்பையும் கிட்டங்கியையும் சேர்த்துப் பார்த்தார். என்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிக் குளிர்சாதனத் தொழில் படிக்க வைத்தவர் அவர்தான். நான் சான்றிதழோடு வந்து கொடைக்கானலில் ஓட்டல்களின் ஃபிரிட்ஜ்களைப் பழுதுபார்க்கப் போனேன். குளிரிலேயே கிடக்கிற ஊரில் குளிர்ப்பெட்டிக்கு வைத்தியம்! சான்றிதழ் என்னிடம் இருந்தது, மரியாதை அவரிடம் இருந்தது. என் கல்யாணப் பந்தலில்கூட அண்ணன் வாசலில் நின்றபடியே "பருப்பு அடிப்பிடிச்சிருச்சு, எறக்குங்க" என்று குரல் கொடுத்தார். சமையற்காரர் ஓடிப்போய் அண்டாவை இறக்கினார். இன்றும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை, அந்தப் பருப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை. யார் மூட்டையையும் யார் மூட்டையோடும் கலந்ததில்லை. என்னைவிட நல்லவர் என்பதையும் சேர்த்தே நான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி சொல்ல வேண்டியது ஊரடங்கின் இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஓட்டல்கள் மூடிக் கிடந்ததால் நான் மலையிறங்கி அண்ணன் வீட்டில் இருந்தேன். சந்தையும் ஓடவில்லை. மேல்மலையில் நாலு குடும்பங்களின் பூண்டு முழுவதும் எங்கள் கிட்டங்கியில் தேங்கி நின்றது. அந்த வேளையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் தனியறையில் கிடந்து பிழைத்து எழுந்தார். எழுந்த மறுநாள் வெள்ளனே கிட்டங்கி வாசலில் நின்று கண்ணை மூடினார். வெகுநேரம் நின்றார். இரண்டாவது முறையும் மூச்சை இழுத்தார். அவர் இரண்டாவது முறை இழுத்து நான் பார்த்ததே இல்லை.

"ஏலே, எனக்கு ஒண்ணுமே தெரியலடா" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"காப்பித்தூள மூக்குல வச்சுப் பாத்தேன், மண்ணு மாதிரி கெடக்கு. யாருட்டயும் சொல்லிறாத. மேல்மலைக்காரவுக பயந்துருவாக. நீ நில்லு, மோந்து சொல்லு. நீயும் அப்பா பிள்ளதான?"

"சரிண்ணே" என்றேன்.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சாவுக்குத் தப்பி வந்த மனிதர் கண்கலங்கி எதிரில் நிற்கிறார், எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த வாசல்!

ஒன்பது நாள் நின்றேன். அண்ணன் நிற்பதைப் போலவே இடது கையை வாசல் நிலையில் ஊன்றி, முகத்தைச் சற்றே தூக்கி, கண்ணை மூடி நின்றேன். தினமும் "சுத்தமா இருக்குண்ணே" என்றேன். நடுவில் இரண்டு நாள் சாயங்காலம் கோடை மழை பெய்தது. மறுநாள் அண்ணன் கேட்டார்: "சுண்ணாம்பு மாத்தணுமாடா?"

"வேண்டாம்ணே. வாடையே இல்ல."

சட்டியில் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தெரிந்த வேலை. பத்து வயதில் செய்த வேலை. ஆனால் அண்ணன் ஒருநாளும் சட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர் இல்லை. அவர் செய்யாததை நான் ஏன் செய்ய வேண்டும் என்ற வீம்பு. அவரைப் போல மூக்காலேயே சொல்லிவிட வேண்டும் என்ற வெறி. எனக்கு ஒரு வாடையும் பிடிபடவில்லை, அதையே சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மதினி குழம்புக்குப் பூண்டு எடுக்கப் போய், ஒரு கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "தம்பி, இதப் பாருங்க, இப்புடிக் கரேல்னு கெடக்கு." தோலுக்குள் கறுப்புப் பூசணம். உள்ளே ஓடினேன். சட்டிகளில் ஒரு கல் இல்லை, அத்தனையும் மாவு. பூண்டில் பாதிக்கு மேல் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சட்டியில கைய விட்டுப் பாத்திருக்கலாம்லடா? என்னையவிட உனக்குத்தான அது நல்லா வரும். ஏன் பாக்கல?" என்று கேட்டார்.

நீங்கள் பார்த்ததில்லையே, அதனால்தான் என்று சொல்வதற்குப் பதில், எழுந்து போய்க் கெட்ட கட்டுகளைப் பிரித்தெடுக்கத் தொடங்கினேன்.

மலைப்பாதை திறந்ததும் நாலு குடும்பத்தார் சார்பில் மேல்மலைச் சின்னையா இறங்கி வந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்துச் சொன்னது இது: "எனக்கு மூக்கு போயிருச்சுங்க சின்னையா. அத மறைச்சுட்டு வாசல்ல நின்னேன். தப்பு என்னோடது." நான் அவருக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றது நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த இழப்பை அண்ணன் எப்படி ஈடுகட்டினார் என்பது அவருக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் தெரியும்.

சின்னையா எழுந்து அண்ணனின் தோளில் கை வைத்தார். பிறகு, "மூக்கு போனாப் போகுது பெரியதம்பி. நீங்க பொழைச்சு வந்தீங்களே, அது போதும்" என்றார். அடுத்த விளைச்சலை மறுபேச்சில்லாமல் எங்கள் கிட்டங்கியில்தான் இறக்கினார்கள். மூக்கில்லாத அண்ணனிடம்! தலைகுனிந்து நிற்க வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. என் தப்பை எடுத்துச் சுமந்தும் அவர்தான் பெரிய மனிதரானார்.

பிறகு அவருடைய மூக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. சென்ற ஆண்டு இதயம் அவரைப் படுக்க வைத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அங்கே உள்ள காற்றைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "சன்னல வெள்ளனே தொறந்துவிடச் சொல்லுடா, எட்டு மணிக்கு மூடிரணும்" என்பார். செவிலியர்கள் அப்படியே செய்தார்கள். நான் அங்கே ஒரு நாற்காலி கேட்டு மூன்று நாள் அலைந்தேன். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைப் பற்றி எல்லாம் பேசினார். அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பேச்சு எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

அண்ணனின் இறுதி நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் துணை நின்ற பக்கத்து வீட்டாருக்கும், மேல்மலையிலிருந்து சொந்தங்களைத் தங்கள் வண்டிகளிலேயே ஏற்றி வந்து சேர்த்த லாரி ஓட்டுநர்களுக்கும், ஓராண்டாகக் கிட்டங்கியைப் பூட்டி வைத்துக் காத்த மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல்மலைச் சின்னையாவுக்கும் அந்த நாலு குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தபோது நீங்கள் மதினியிடம், "சாவியச் சின்னத்தம்பிட்ட குடுங்கம்மா. ஒரே ரத்தம், மூக்கு எங்க போயிரும்?" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. வருஷம் கழியட்டும் என்று சொல்லிவிட்டு, இந்த ஓராண்டும் அந்தப் பேச்சை நினைத்து நினைத்துக் குளிர்காய்ந்தேன். எனக்கு அந்த மூக்கு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அந்த ஒன்பது நாளும் வாசலில் நின்று உங்கள் பூண்டைக் கெடுத்தது அண்ணன் அல்ல, நான்.

சாவியை இன்று வாங்க மாட்டேன். மதினியிடமே இருக்கட்டும். இதைப் படித்த பிறகும் என்னை வரச் சொன்னால் வருவேன். வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன். உள்ளே போய் ஒவ்வொரு சட்டியிலும் கையை விட்டுப் பார்ப்பேன், ஈரம் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி மாட்டுவேன். அது போதுமா என்று நீங்கள் வீட்டில் கூடிப் பேசுவீர்கள், நாலு நாள் யோசிப்பீர்கள், நியாயம்தான். இதையே அண்ணன் சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டீர்கள். இப்போதும் எனக்கு அதுதான் எரிகிறது.