என் ஒட்டு விடவில்லை

பாகூர் கடைத்தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஹசன் பாய் வைத்த ஒட்டு விட்டுப்போய்த்தான் புகழ்வேந்தன் வீட்டில் அந்தக் கதி ஆனது என்று. ஃபிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்த்து, செம்புக் குழாய் ஒட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவன் நான். என் ஒட்டைக் குறை சொல்கிறவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்காமல் விட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் வெளியூர், உங்களிடம் சொன்னால் பரவாயில்லை. எப்போதாவது இந்தப் பக்கம் பஸ் ஏறி வந்தால் வெண்ணிலா காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

புகழ்வேந்தன் என் பக்கத்துக் கடைக்காரன். வெண்ணிலா அவன் பெண்டாட்டி. வீட்டின் முன்னறைதான் கடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேனர் டிசைன் போடுவான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அவன் கையில்தான். பண்டசோழநல்லூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து, மாமன் படம் சின்னதாக இருக்கிறது, சித்தப்பன் படம் ஓரத்தில் கிடக்கிறது என்று அவனைக் கடித்துக் குதறும். நானாக இருந்தால் துரத்தியிருப்பேன். அவன் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு மாமனையும் இழுத்து இழுத்துப் பெரிசாக்குவான். மண்ணு மாதிரி பொறுமை. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அவர்களுக்கு ஒரே பெண், இளவேனி. ரெண்டாம் வகுப்பு. மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போன பிள்ளை வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரை அவனே உட்கார்ந்து போட்டான். பிறந்தநாள் பேனருக்கு வைத்த அதே படம்.

"வேற யார்கிட்டயாவது குடேண்டா" என்றேன்.

"அவங்களுக்கு அவ கலர் தெரியாது பாய். வெளுப்பாக்கிடுவாங்க."



படங்கள் நிறைய இருந்தன. ஆனால் பிள்ளை நடந்து, பேசி, சிரிக்கிற வீடியோ ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரையில் பொழுது சாய்ந்த பிறகு வெண்ணிலா தன் பழைய போனில் எடுத்தது. குரல் நன்றாகக் கேட்கும், முகம் மட்டும் இருட்டு. அந்த போனின் மெமரி கார்டும் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. புகழ்வேந்தன் எப்படியோ பாடுபட்டு வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினான். மறுவாரமே கார்டு செத்துப்போனது.

வெண்ணிலா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். "மூஞ்சி தெரியலயே" என்பாள். வேறு பேச்சே இல்லை. சோறும் இறங்கவில்லை.

"தெரிய வைக்கிறேன்" என்று அவன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக் கொடுக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறதாம். வீடியோவைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு ராவும் பகலும் கணக்குப் போடும். அந்தக் கணக்குப் போடுகிற சில்லு, பிராசசர் என்கிறார்களே, அது கொதித்துவிடும். அக்னி நட்சத்திரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு. ஒரு துண்டு பாதி போவதற்குள் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். திரும்ப அந்தத் துண்டை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபேன் மாற்றினான், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

ஒருநாள் என் கடைக்கு வந்து, "பாய், தண்ணி ஓட வச்சி அத குளிர வைக்கலாமாம். நானே செய்யப் போறேன், செம்பு குடு" என்றான். கடையிலேயே விற்கிறார்களே என்றேன். "கைய சும்மா வச்சிக்கினு இருக்க முடியல பாய்" என்றான். என் பழைய சாமானில் கிடந்த தடித்த செம்புத் தகட்டை எடுத்துக் கொடுத்தேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டி. உள்பக்கம் ஹேக்சா பிளேடால் வரிவரியாக வாய்க்கால் கீறினான். மேலே பித்தளைத் தகடு மூடி, தண்ணீர் போக ஒரு மூக்கு, வர ஒரு மூக்கு. ஒட்டு என்னுடையது. கேஸ் விளக்குத் தீயில் வெள்ளி கலந்த ஒட்டு ராடை உருக்கி ஊற்றினேன். காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபை இரண்டு மூக்கிலும் மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினான். மேஜைக்குக் கீழே பெரிய மண்பானை, அதில் மீன்தொட்டி மோட்டார். பானைத் தண்ணீர் மேலே ஏறி, கட்டிக்குள் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு பானைக்கே திரும்பும். கட்டிக்கும் சில்லுக்கும் நடுவில் சூடு கடக்க வெள்ளையாக ஒரு பசை தடவி, நாலு திருகாணி போட்டு இறுக்கினான்.

கம்ப்யூட்டர் அணையவில்லை. முதல் துண்டு முடிந்தது. அதில் பிள்ளையின் ஒரு கன்னமும், விழுந்த முன்பல் இடைவெளியும் தெரிந்தன. வெண்ணிலா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் பானைக்குத் தண்ணீர் மாற்றுவது அவள் வேலை. "எம்பொண்ணுக்குத் தண்ணி ஊத்தணும்" என்று சொல்லிக்கொண்டே குடத்தோடு வருவாள். சாப்பிடவும் ஆரம்பித்தாள். அதைப் பார்த்து நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன், பொய்யில்லை.

"ஒரு காப்பி எடுத்து வெளிய வைடா மடையா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முழுசும் முடியட்டும், சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பான். ஒரே ஒரு துண்டு பாக்கி இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையன்று எந்த ஆயுதத்துக்கும் ஓய்வு. எங்கள் கடைத்தெருவில் எல்லா மிஷினும் நிற்கும். அவனும் கம்ப்யூட்டரை நிறுத்தி, "அதுக்கும் பொட்டு வச்சிடு" என்று வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டு, பேனர் கட்ட வில்லியனூர் போய்விட்டான். அவள் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கினாள். இந்தக் கட்டியும் செம்புதானே, பச்சை பூத்துக் கறுத்துப்போய்க் கிடந்தது. பூஜையன்று செம்பைக் கறுப்பாக விட இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அவன் கழற்றுவதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். திருகாணியைக் கழற்றி, டியூபை உருவி, அடியில் ஒட்டியிருந்த வெள்ளை அழுக்கையும் சேர்த்துத் தேய்த்து, பளபளவென்று விளக்கி, டியூபைச் செருகி, கிளிப்பையும் திருகாணியையும் வெறும் கையாலேயே திரும்ப முறுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். சந்தோஷமாகச் செய்திருக்கிறாள். 

விஜயதசமி காலை வேலை தொடங்க நல்ல நாள். "பொரி தின்ன வா பாய்" என்று கூப்பிட்டான், போயிருந்தேன். சூடம் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். தண்ணீர் ஏறிய வேகத்தில் டியூப் மூக்கிலிருந்து தெறித்தது. கம்ப்யூட்டருக்குள் பீய்ச்சி அடித்தது. பட்டென்று ஒரு சத்தம், கருகின நாற்றம், திரை இருண்டது. அவன் பிளக்கைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடியோ இருந்தது தனிப் பெட்டியில் இல்லை. பிராசசருக்கு நேர் கீழே, சூயிங்கம் பட்டை அளவு ஒரு சில்லில். அது கறுத்துக் கிடந்தது.

கட்டி மட்டும் தங்கம்போல் மின்னியது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

வெண்ணிலா பொரித் தட்டைக் கீழே வைத்தாள். "நா வெளக்கி பொட்டு வச்சேங்க. அதனாலயா?"

அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ச்சே, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம். ஒட்டு வுட்டுப்போச்சி."

எனக்கு வந்ததே கோபம். "எவன் ஒட்டுடா?" என்று வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான். நகம் பதிகிற பிடி. முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேச நான் என்ன மிருகமா?

மத்தியானம் கட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு கல்லாட்டம் இருந்தது. மூக்குக்குள் தண்ணீரை அடைத்துக்கொண்டு புளிநார் சிக்கியிருந்தது.

"அவ பாக்கணுங்கறா பாய். வுட்ட எடம் எதுன்னு காட்டுன்றா. ஒடச்சிக் குடு."

"என் ஒட்ட நானே ஒடைக்கணுமா?"

"தெரிஞ்சா அவ இருக்க மாட்டா பாய். கெணத்துல வுழுந்துடுவா."

ஹேக்சா பிளேடை எடுத்தேன். விடாத ஒட்டை விட்டதுபோல் பிளந்து, அறுத்த தடம் தெரியாமல் அரம் போட்டுக் கொடுத்தேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக எதையும் கெடுத்ததில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவன் அழவில்லை.

வீடியோவை மீட்க முடியுமா என்று கருகின சில்லைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனான். ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு வெண்ணிலா அவனோடு ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. ஒரு காப்பி எடுத்து வைக்க முடியவில்லையா, கட்டியைக் கடையில் வாங்க முடியவில்லையா என்று நாள் முழுக்கக் கேட்டாள். "ஆமா, என் தப்புதான்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. அந்தப் பொறுமையே அவளை இன்னும் கொளுத்தியது. தை பிறப்பதற்குள் பையைக் கட்டிவிட்டாள். அபிஷேகப்பாக்கத்தில் அம்மா வீடு.

பஸ் நிறுத்தம் என் கடைக்கு எதிரேதான். பையை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஒட்டு வச்சது நீங்கதான பாய்?"

"நாந்தாம்மா."

"வுட்டுப்போவும்னு உங்களுக்குத் தெரியலயா?"

என் ஒட்டு விடவில்லை என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதற்குப் பிறகு என்ன ஆவாள்?

"தெரியலம்மா. என் தப்பு."

"அவர நம்பி, உங்கள நம்பித்தான் வுட்டேன். ரெண்டு பேருமா சேந்து எம்பொண்ண ரெண்டாந்தரம் கொன்னுட்டீங்க" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

புகழ்வேந்தன் தன் கடைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறான். வெளியே வந்தான்.

"இன்னா சொன்னா பாய்?"

சொன்னேன்.

"வெளக்குனதப் பத்தி எதுனா கேட்டாளா?"

"கேக்கலடா."

"அப்ப சரி பாய்" என்றான்.

பிள்ளை போய்விட்டது, பெண்டாட்டி போய்விட்டாள், இவன் சரி என்கிறான். பளாரென்று ஒன்று விட்டால் என்ன என்று எழுந்தேன். எழுந்தவனுக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுக்கடைத்தெருவில் அழத்தான் முடிந்தது.