காற்றில் முந்திரி பறித்தவன்

போன வாரம் முழுக்க எனக்குச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசம். உள்ளே படுத்திருந்தவன் என் மனைவியின் தம்பி அருள். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறான்.

மரம் பூத்திருக்கிறதே என்று பூச்சிமருந்து அடித்திருக்கிறான். அங்கே ஒரு வழக்கம் - வெயிலுக்கு இதமாக மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டிக்கொள்வது. அண்ணாந்து அடித்த மருந்தெல்லாம் அந்தத் துண்டில்தான் இறங்கியது. அதைத்தான் மதியம் வரை சுவாசித்திருக்கிறான். அப்புறம் எச்சில் ஒழுகி, கண்பாவை கடுகாய்ச் சுருங்கி, மூச்சு திணறி... வடலூர் வழியாகச் சிதம்பரம் வருவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

விஷத்தை முறிக்க அட்ரோபின் ஊசி போட்டார்கள். மறுபடி மறுபடி. எச்சில் நின்றது, மூச்சு சீரானது. அப்பாடா என்றிருந்தோம்.

மறுநாள் காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. நாக்கு வறண்டு, முகம் சிவந்து கிடந்தான். இரண்டு கையாலும் காற்றில் எதையோ பிடித்துத் திருகி, மடியில் போட்டான். என்ன செய்கிறான்? பழத்திலிருந்து முந்திரிக்கொட்டையைப் பிரிக்கிறான்! பக்கத்தில் நின்ற தன் மனைவி ரீட்டாவையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள்.

ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசிய நிறுத்தச் சொல்லுங்கண்ணா. அவுருக்குப் புத்தி பேதலிச்சிப்போச்சி. நான் பாண்டிக்கு இட்டுக்கினு போறேன்."

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார்: "அந்த ஊசிதாம்மா நெஞ்சுல தண்ணி சேராம காப்பாத்துது. நாக்கு காயறது, இந்தப் பொலம்பல், எல்லாமே அதாலதான். கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, குறைக்கிறோம். அடியோட நிறுத்தினா மறுபடி மூச்சு முட்டும்."

ரீட்டா என் கையை விட்டுவிட்டு, கட்டியிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கொறச்சே குடுங்க" என்றாள்.

கண் பரிசோதனைக்குச் சொட்டுமருந்து விட்டு, அரைநாள் எழுத்து மங்கி உட்கார்ந்திருக்கிறீர்களா? சிறுநீர் அடிக்கடி முட்டுகிறது என்று மாத்திரை எடுத்து, வாய் காய்ந்து, மலச்சிக்கலில் அவதிப்படும் பெரியவர் வீட்டில் உண்டா? அந்த மருந்துகளெல்லாம் இந்த ஊசிக்குப் பங்காளிகள்தான். அந்தப் பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய் என்று மருந்திடம் சொல்ல முடியாது... டாக்டரிடம் போய்ச் சொல்லலாம்.

அடுத்த நாள் சாயங்காலம் அருள் தெளிந்த கண்ணால் பார்த்தான்.

"ரீட்டா... கைய ஏன் கட்டி வெச்சிருக்க?"

"ராவும் பகலும் முந்திரி பறிச்சிக்கினே இருந்த. கூலி கேட்டுடப் போறன்னுதான்."

சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் போனவள், அவிழ்க்க முடியாமல் அழுதுவிட்டாள்.